மலையகத்துக்குத் தளம் கட்டுபவர்கள் மொழியை ஊகிக்க வேண்டாம், கேளுங்கள்

இலங்கையிலிருந்து யாராவது ஒரு தளத்தைத் திறந்தால் சிங்களம், வெளிநாட்டிலிருந்து திறந்தால் ஆங்கிலம். நம் நாட்டுக்கென்று கட்டப்படும் பல தளங்களின் அடியில் இந்த ஒரு விதிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொது எண் கொடுக்கும் யூனிகோட் அமைப்பு பராமரிக்கும், நாடுகளின் மொழி வழக்குகளைத் தொகுக்கும் சிஎல்டிஆர் தரவுத் தொகுப்பிடம் இலங்கையின் நாட்டுக் குறியீட்டை மட்டும் கொடுத்து மொழியைக் கேட்டால், அதுவும் சிங்களம் என்றுதான் சொல்லும். ஒரு நாட்டுக்கு ஒரு விடைதான் என்ற கட்டாயம் உள்ள இடத்தில் அது சரி. அதை அப்படியே தூக்கிக்கொண்டு மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்துப் பொகவந்தலாவைக்கு வருவதுதான் பிழை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் பாதிக்கும் மேல். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் சிங்களம், தமிழ் இரண்டிலும் நிர்வாகம் நடக்க வேண்டிய பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. சட்டமே பிரதேச செயலாளர் பிரிவு வரை இறங்கிப் பார்க்கிறது. சேர்வர் மட்டும் நாட்டோடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் ஐபி முகவரியை வைத்து மாவட்டத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. மஸ்கெலியாவில் டேட்டா போட்டுத் திறக்கும் ஃபோனின் ஐபி முகவரி பெரும்பாலும் கொழும்பைக் காட்டும். கைத்தொலைபேசி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான பாவனையாளர்களைச் சில பொது முகவரிகளுக்குப் பின்னால் வைத்துத்தான் வெளியே அனுப்புகின்றன. மாவட்டம் சரியாகத் தெரிந்தாலும் பயனில்லை, ஏனென்றால் ஒரே பஸ் தரிப்பிடத்தில் இரண்டு மொழிக்காரர்களும் நிற்கிறார்கள்.

இரண்டாவது ஊகம் ஃபோனின் மொழி. உலாவி ஒவ்வொரு முறையும் பக்கத்தைக் கேட்கும்போது, அக்செப்ட்-லாங்குவேஜ் என்ற தலைப்புவரியில் தனக்கு அமைக்கப்பட்ட மொழிகளை வரிசையாக அனுப்புகிறது; சில உலாவிகள் முதல் மொழியை மட்டும் அனுப்பும். ஐபி முகவரியைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இதை வாசிக்கத் தெரிய வேண்டும். மலையகத்தில் ஃபோன் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கைக்கு வருகிறது. கடைக்காரர் ஆங்கிலத்தில் அமைத்துக் கொடுப்பார், பழுது பார்ப்பவருக்கும் அதுவே வசதி, வீட்டில் பிள்ளைகளும் அந்த மெனுவைத்தான் பழகியிருப்பார்கள். ஆகவே பட்டியலில் ஆங்கிலம் முதலில் நிற்பதால் எதுவும் நிரூபணமாவதில்லை. தமிழ் இருந்தால் கதை வேறு. மூன்றாம் இடத்தில் இருந்தாலும், பெரும்பாலும் யாரோ தேடிப் போய்ச் சேர்த்ததுதான். அதனால் வரிசையின் முதல் மொழியை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் நிரல் இங்கே சரிவராது. பட்டியலில் எங்கேயாவது தமிழோ சிங்களமோ இருந்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். ஆங்கிலம் மட்டும் இருந்தால், "தெரியவில்லை" என்று எடுத்துக்கொண்டு கேளுங்கள்.

முடிவெடுக்கும் வரிசையை நான் இப்படி வைப்பேன். பக்கத்தின் இணைய முகவரியிலேயே மொழி இருந்தால் அதுவே இறுதி. வாட்ஸ்அப்பில் ஒருவர் தமிழ்ப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினால் பெறுபவருக்குத் தமிழ்ப் பக்கம்தான் திறக்க வேண்டும். அடுத்தது கணக்கில் சேமித்த தெரிவு, அதற்கடுத்தது அந்தக் கருவியில் குக்கீயாக, அதாவது உலாவி சேமித்து வைக்கும் சிறு குறிப்பாக, இருக்கும் தெரிவு, பிறகு உலாவியின் பட்டியல். எதுவும் இல்லையென்றால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று பெரிய பொத்தான்கள். அந்த ஒரு திரை பாவனையாளரை விரட்டிவிடும் என்ற பயம் வேண்டாம். புரியாத மொழியில் முழுப் படிவமும் திறந்தால்தான் ஆள் மூடிவிட்டுப் போவார்.

மூன்றாவது ஊகம்தான் எல்லாவற்றிலும் ஆழமானது: பேசும் மொழிதான் வாசிக்கும் மொழி, திரையின் முன் இருப்பவர்தான் விண்ணப்பதாரர் என்பது. தோட்டத்தில் நன்றாகச் சிங்களம் பேசி, ஒரு வரிகூட சிங்களம் வாசிக்காத பெரியவர்கள் நிறையப் பேர். வீட்டில் தமிழ் பேசி, சிங்கள மொழிமூலம் படித்ததால் சிங்களமே சரளமாக வாசிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். தோட்டக் குடியிருப்பான லயத்தில் ஒரு ஃபோனை மூன்று பேர் பாவிப்பார்கள். ஒன்லைன் விண்ணப்பம் என்று வந்துவிட்டால் பலர் நேரே டவுனில் உள்ள கொமியுனிகேஷன் கடைக்குப் போகிறார்கள். அங்கே கணினியில் இருப்பவர் தனக்கு வேகமாக வரும் மொழியில், அநேகமாக ஆங்கிலத்தில், படிவத்தை நிரப்புவார். தளமோ அந்த அமர்வின், அதாவது அந்த ஒரு தடவைப் பாவனையின், மொழியை விண்ணப்பதாரரின் மொழியாகப் பதிந்துகொள்ளும். இரண்டு வாரம் கழித்து, நேர்முகத்துக்கு வரச்சொல்லும் செய்தி ஆங்கிலத்தில் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். எடுத்து வாசித்துச் சொல்ல ஆள் கிடைப்பதற்குள் திகதி கடந்துவிடும்.

ஆகவே மொழியைப் பதிந்து வைக்க ஒரு களம் போதாது, மூன்று வேண்டும். திரை எந்த மொழியில் என்பது அமர்வோடு போகட்டும், கணக்கில் எழுத வேண்டியதில்லை. குறுஞ்செய்தியும் தொலைபேசி அழைப்பும் எந்த மொழியில் என்பது விண்ணப்பதாரரின் பதிவில் இருக்கட்டும். சான்றிதழோ பற்றுச்சீட்டோ கடிதமோ எந்த மொழியில் என்பது அந்த ஆவணத்துக்குரிய கேள்வி. ஒரே ஆள் தமிழில் எஸ்எம்எஸ் கேட்டு, வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத்தில் சான்றிதழ் கேட்பது மிகச் சாதாரணம். இரண்டாவது கேள்வியைப் படிவத்தில் கைத்தொலைபேசி இலக்கத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள்: "இந்த இலக்கத்துக்கு எந்த மொழியில் செய்தி அனுப்ப வேண்டும்?" இயல்புத் தெரிவு எதையும் போட வேண்டாம். போட்டுவிட்டால் அவசரத்தில் கொமியுனிகேஷன்காரர் அதைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

இனி மொழி மாற்றும் பொத்தான். மேலே வலப்பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்தில். ஆங்கிலப் பக்கத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தால் அதைத் தேடுபவருக்கு அது தெரியாது. மெனுவுக்குள் மெனுவாக ஒளித்து வைப்பதும் அதே தவறு. அழுத்தினால் அதே பக்கம் மற்ற மொழியில் திறக்க வேண்டும். முகப்புக்குத் தூக்கி எறியும் தளங்கள் ஏராளம். பாதி நிரப்பிய படிவத்தை அழித்துவிடும் தளங்கள் அதைவிட மோசம். மொழியை மாற்றும்போது நிரப்பியவை அப்படியே நிற்க வேண்டுமென்றால் தெரிவுப் பட்டியல்களில் சொல்லைச் சேமிக்காமல் குறியீட்டைச் சேமிக்க வேண்டும். "திருமணமானவர்" என்ற சொல்லையே தரவுத்தளத்தில் போட்டால் அடுத்த மொழியில் அந்தத் தெரிவு காலியாகிவிடும்.

கொடி மட்டும் வேண்டவே வேண்டாம். சிங்களத்துக்கு இலங்கைக் கொடி, தமிழுக்கு இந்தியக் கொடி என்று போடும் பொத்தான் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன, வடிவமைப்பவர்களும் யோசிக்காமல் எடுத்து ஒட்டுகிறார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தின் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்குப் பங்கு பிரித்தது. நாடற்றிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்க 2003இல்கூட இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. அந்த மக்களிடம், உன் மொழி வேண்டுமானால் இந்தியக் கொடியை அழுத்து என்று ஒரு இலங்கைத் தளம் சொல்வது சின்ன விஷயமல்ல. மொழிக்குக் கொடி கிடையாது. எழுத்து போதும்.

குறியீடுகளில் நடக்கும் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழின் இரண்டெழுத்துக் குறியீடு டி-ஏ, சிங்களத்துக்கு எஸ்-ஐ. தமிழ் என்று நினைத்து டி-எம் போடுகிறார்கள், அது துர்க்மெனிஸ்தானின் நாட்டுக் குறியீடு. எஸ்-எல் போட்டால் ஸ்லோவேனிய மொழி. எல்-கே நாட்டின் குறியீடு, மொழிக்கானதல்ல. டி-ஏ, இடையில் சிறுகோடு, எல்-கே என்று சேர்த்து எழுதினால்தான் இலங்கைத் தமிழ். தமிழ்ப் பக்கத்தின் நிரலின் தொடக்கத்தில் ஆங்கிலத்தின் குறியீடு மாறாமல் கிடந்தால், பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும். இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜியில் பக்கத்தின் மொழியைச் சரியாகக் குறிப்பது அடிப்படை மட்டமான ஏ நிலைத் தேவை. இன்னொன்று: ஒரே முகவரியில் உலாவியைப் பார்த்து மொழியை மாற்றினால், அக்செப்ட்-லாங்குவேஜைப் பொறுத்துப் பதில் வேறுபடும் என்பதை வேரி தலைப்புவரியில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இடையில் உள்ள தற்காலிகச் சேமிப்பு முதலில் வந்தவரின் மொழியை எல்லோருக்கும் பரிமாறும். கூகுளின் தேடல் நிரல் பொதுவாக இந்தத் தலைப்புவரியை அனுப்புவதேயில்லை. தமிழ்ப் பக்கத்துக்குத் தனி முகவரி இல்லையென்றால் அது தேடலில் வராமலே போகலாம்.

படிவத்துக்குள் போவோம். பெயர்க் களத்தில் ஆங்கில எழுத்துகளை மட்டும் அனுமதிப்பது வெளிப்படையான தடை. அதைத் திருத்த வருபவர்கள் "எந்த மொழி எழுத்தும் சரி" என்று யூனிகோடின் எழுத்து வகையை மட்டும் அனுமதிக்கிறார்கள், அப்போதும் "கமலா" நிராகரிக்கப்படும். காரணம், யூனிகோடில் தமிழின் கால், கொம்பு, புள்ளி எல்லாம் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. இரண்டு வகையையும் அனுமதியுங்கள், முதலெழுத்துக்குப் பின் வரும் முற்றுப்புள்ளியையும் இடைவெளியையும் சேர்த்து. தமிழ்ப் பெயரைத் தானாக ஆங்கிலத்துக்கு எழுத்துப்பெயர்க்கவும் கூடாது. ஊழியர் சேமலாப நிதியில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று என்று ஏற்கனவே அலைபவருக்கு மூன்றாவது ஒன்றை உண்டாக்கிக் கொடுப்பதாகவே முடியும். இரண்டு களம் வைத்து, அடையாள அட்டையில் உள்ளபடி கேளுங்கள்.

நீள வரம்பும் கவனிக்க வேண்டியது. "விண்ணப்பம்" கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 10 குறியீட்டுப் புள்ளி, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 30 பைட். பைட் கணக்கில் 50 என்று வரம்பு வைத்தால் ஒரு முழுப் பெயர் பாதியில் அறுந்துவிடும். எஸ்எம்எஸ்ஸில் குறியீட்டுப் புள்ளிதான் கணக்கு: ஒரு செய்திக்கு ஆங்கிலத்தில் 160, தமிழில் 70, நீண்ட செய்தியாகப் பிரித்தால் பகுதிக்கு 67. "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்ற மூன்று சொல்லே 27 இடம் பிடிக்கும். செலவு கூடுகிறது என்று தமிழ்ச் செய்தியை வெட்டிவிடுவதைவிட, செய்தியைத் தமிழிலேயே குறுக்கி எழுதத் தெரிந்தவரிடம் கொடுங்கள். திகதி, நேரம், இடம் முதலில். மரியாதை வாக்கியங்கள் இடம் இருந்தால்.

எண் வடிவமைப்பில் ஒரு சிறு பொறி உண்டு. தமிழ்க் குறியீட்டை மட்டும் கொடுத்தால் உலாவி 1,25,000 என்று இந்திய முறையில் காற்புள்ளி போடும். சம்பளச் சீட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் நம்மவர்கள் பார்ப்பது 125,000. தொகைகளுக்கு வடிவத்தைத் தனியாகக் குறித்துவிடுங்கள்.

பட்டியல்களைத் தமிழாக்கிவிட்டு ஆங்கில வரிசையிலேயே விட்டுவிடுவதும் வழக்கமாக நடக்கிறது. அம்பாறை, அநுராதபுரம், பதுளை, மட்டக்களப்பு, கொழும்பு என்று ஓடும் மாவட்டப் பட்டியலில் நுவரெலியாவை எங்கே தேடுவது? தமிழ் வரிசைக்கென்று உலாவியிலேயே வசதி இருக்கிறது. யூனிகோட் எண் வரிசையில் அடுக்கினால், தமிழ் மெய்களில் கடைசியாக வர வேண்டிய ன, ந-வுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தேடலில் ஹட்டன் என்றாலும் அட்டன் என்றாலும், தலவாக்கலை என்றாலும் தலவாக்கொல்லை என்றாலும் ஒரே ஊர் வர வேண்டும். இந்த மாற்றுப் பெயர்களை உள்ளூர் ஆள் ஒருவர் ஒரு பிற்பகலில் எழுதிக் கொடுத்துவிடுவார்.

பிடிஎஃப் பற்றி ஒரு வார்த்தை. திரையில் அழகாகத் தெரியும் தமிழ், பற்றுச்சீட்டில் கொம்பும் காலும் இடம் மாறி உடைவது, எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாத பிடிஎஃப் நிரலகத்தால். குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியத்தைத் திரையில்லாமல் இயக்கி அதன் வழியாக அச்சிட்டால் சரியாக வரும். பழைய பாமினி எழுத்துருவில் செய்த படிவங்களைத் தளத்தில் ஏற்றவே வேண்டாம், அவற்றுக்குள் இருப்பது ஆங்கிலக் குறிகள்தான். தேடவும் முடியாது, நகலெடுக்கவும் முடியாது, திரைவாசிப்பானும் உளறும்.

எல்லாப் பக்கத்தையும் ஒரே நாளில் தமிழாக்க முடியாது என்பது உண்மை. தமிழ் இல்லாத பக்கத்தில் சத்தமில்லாமல் வேறு மொழியைக் காட்டிவிடாமல், "இந்தப் பக்கம் இன்னும் தமிழில் இல்லை" என்று தமிழில் எழுதி, தமிழில் பேசக்கூடிய ஒரு இலக்கத்தையும் தாருங்கள். அரச சேவையென்றால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்ற தொலைபேசி இலக்கத்தைக் குறிப்பிடலாம். எதை முதலில் தமிழாக்குவது என்றால் முகப்பும் "எங்களைப் பற்றி"யும் கடைசி. பிழைச் செய்திகள், கட்டணப் பக்கம், எஸ்எம்எஸ், காலக்கெடு, இவைதான் முதலில். கடைசியாக, பரிசோதனையை அலுவலகத்தின் வைஃபையில் செய்யாதீர்கள். ஆங்கிலத்தில் அமைந்த ஒரு மலிவு அன்ட்ரொயிட் ஃபோன், டேட்டா இணைப்பு, தனிப்பட்ட உலாவல் சாளரம், படிவத்தை நிரப்ப ஒருவர், செய்தியைப் பெற வேறு ஃபோனோடு இன்னொருவர். இரண்டாமவருக்கு வந்த செய்தியை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். எந்தத் திகதிக்கு எங்கே போக வேண்டும் என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், தளத்தைத் திறந்துவிடாதீர்கள்.