ஓட்டை விழுந்த காஸ்டிங்கோடு கல்லூரி வாசலில்

கோவை கணபதியில் எங்களுடையது சின்ன பவுண்டரி, இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றும் பட்டறை. அப்பா காலத்தில் கோக் கரியில் எரியும் குபோலா உலை, இப்போது அரை டன் இன்டக்‌ஷன் பர்னஸ், அதாவது மின் உலை. பம்பு வால்யூட் (பம்பின் நத்தை வடிவ உடல்), அடாப்டர், பேரிங் பிராக்கெட் என்று எஃப்.ஜி. 200 கிரேடு சாம்பல் இரும்பில் ஊற்றிக் கொடுக்கிறோம். போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்தது தலைவலி. வால்யூட் பார்க்க நன்றாக இருக்கும், கஸ்டமர் லேத்தில் ஏற்றி பிளாஞ்ச் முகத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் எடுத்ததும் தோலுக்குக் கீழே ஓட்டை தெரியும். 100-க்கு 17 திரும்பி வந்தது. காஸ்டிங் விலையோடு மெஷினிங் கூலிக்கும் சேர்த்து டெபிட் நோட் போட்டார்கள். கோடை சீசனுக்கு பம்பு கம்பெனிகள் ஆர்டரைக் கூட்டும் நேரம் அது.

பிளோ ஹோல் (வாயு மாட்டி விழும் ஓட்டை) என்றாலே அச்சு மணல்தான் காரணம் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஈரத்தைக் குறைத்தோம், மணலைப் பிணைக்கும் பென்டோனைட் களிமண்ணை மாற்றினோம், வாயு வெளியேற வென்ட் துளை அதிகம் குத்தினோம், மணல் வியாபாரியையே மாற்றினோம். ஆறு வாரம் போனதுதான் மிச்சம். கடைசியில் பக்கத்துப் பட்டறைக்காரர்தான் ஏதாவது இன்ஜினியரிங் காலேஜில் காட்டுங்கள் என்றார். கோவையில் பட்டறைக்கும் கல்லூரிக்கும் உறவு புதிதல்ல. பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் 1926-இல் தொடங்கியது, கல்லூரி 1951-இல் வந்தது. படிப்பும் பம்பு, மோட்டார் உற்பத்தியும் ஒரே வளாகத்தில் நடந்த ஊர் இது. இருந்தும் இருபது வருடமாகத் தொழிலில் இருக்கும் நான் ஒரு கல்லூரி வாசலையும் இதற்காக மிதித்ததில்லை. நான் போன கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். உதவியவர்களுக்கு நன்றி நேரில் சொல்லிவிட்டேன்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வால்யூட்டை, ஒவ்வொன்றும் 14 கிலோ, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார். டெலிவரி சலான் கேட்டார், இல்லை. பொருளை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு ஆபீசுக்குப் போனேன். ஆபீசில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், "கன்சல்டன்சின்னா பிரின்சிபால் பேருக்கு லெட்டர்ஹெட்ல லெட்டர் வேணும், உத்யம் காப்பி, ஜி.எஸ்.டி. காப்பி வேணும்" என்றார். உத்யம் என்றால் சிறுதொழில் பதிவுச் சான்று. சரி என்று திரும்பினேன். வாசலில் காஸ்டிங்கை வெளியே எடுக்க கேட் பாஸ் கேட்டார்கள். கேட் பாஸ் தர வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் நின்றேன்.

இரண்டாம் முறை எல்லாக் காகிதமும் கொண்டுபோனேன். அதே ஆள், "இது துறைத்தலைவர் வழியா வரணும், அவங்க கையெழுத்து எங்க?" என்று கேட்டார். முதல் நாளே சொல்லியிருக்கலாம். செமஸ்டர் தேர்வு நேரம் என்பதால் துறைத்தலைவர் பேப்பர் திருத்தப் போயிருந்தார், நான்கு நாள் கழித்துத்தான் வருவார். நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் போகிறவர்கள் முன்னாலேயே போன் செய்துவிட்டுப் போங்கள். அதுவும் மெயின் ஆபீசுக்கு வேண்டாம், துறையின் லேப் உதவியாளரிடம் பேசுங்கள். யார் இருக்கிறார்கள், எந்த மெஷின் ஓடுகிறது, எந்தப் படிவம் முதலில் என்பது அவருக்குத்தான் தெரியும். எனக்கு இது மூன்றாம் பயணத்தில்தான் புரிந்தது.

அந்த ஆபீஸ்காரர் இன்னொன்றும் சொன்னார். "ஸ்டூடன்ட் புராஜெக்டா குடுத்துருங்க சார், செலவே இல்ல." செலவில்லை என்பது உண்மைதான், ஆனால் கடைசி வருடப் பசங்களின் புராஜெக்ட் ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடியும். எனக்கு டிசம்பரிலேயே விடை வேண்டும். அவசரம் என்றால் பணம் கட்டி கன்சல்டன்சியாகவே கேளுங்கள்.

பணம் கட்டியதிலும் ஒரு தவறு செய்தேன். கட்டணமும் 18% ஜி.எஸ்.டி.யும் சேர்த்து நெஃப்டில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். எங்கள் பவுண்டரி பெயரும் என் வங்கிக் கணக்கின் பெயரும் வேறு. யாருடைய பணம் என்று தெரியாமல் அது ஒன்பது நாள் அவர்கள் கணக்கில் சும்மா கிடந்தது. ரசீது வராமல் லேபில் சாம்பிளைத் தொடமாட்டார்கள். அனுப்பிய அன்றே யு.டி.ஆர். எண்ணை (வங்கி தரும் பரிவர்த்தனை எண்) மெயிலில் போட்டு, அதையே அச்செடுத்து கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், இல்லாவிட்டால் கட்டிய வரிக்கு கிரெடிட் எடுக்க முடியாது. கஸ்டமரிடம் காட்டத்தான் ரிப்போர்ட் என்றால், அந்தக் குறிப்பிட்ட டெஸ்டுக்கு என்.ஏ.பி.எல். (சோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். லேபுக்கு அங்கீகாரம் இருந்தாலும் எல்லா டெஸ்டுக்கும் இருக்காது.

நான்காம் முறைதான் பேராசிரியரைப் பார்த்தேன். உலோகவியல் மேடம். நாங்கள் ஓட்டையின் நடுவே கட்டிங் வீல் வைத்து அறுத்துக் கொண்டுபோயிருந்தோம், அவருக்கு வேலை சுலபமாகட்டும் என்று. கையில் வாங்கிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "ஓட்டைக்குள்ள இருந்த கசடுதாங்க எனக்கு வேணும். வீல் பொடியும் கூலன்ட் துருவும் போய் அடைச்சிருச்சே" என்றார். மெட்டலில் எது எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் அந்தத் துண்டு ஆகவில்லை. சாம்பல் இரும்பில் கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து கிடக்கும், மின்பொறி விட்டு அளக்கும்போது கணக்கு தப்பும். உருகிய மெட்டலைச் செம்பு அச்சில் ஊற்றி, சட்டென்று வெள்ளையாக உறையவைத்த காயின் சாம்பிள்தான் வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை காயின் ஊற்றி வெளி லேபுக்கு அனுப்புவது எங்களிடமும் வழக்கம்தான். ஆனால் ஓட்டை விழுந்த அந்த ஹீட்டில், அதாவது அந்த ஒரு உருக்கில், ஊற்றிய காயின் எங்கே? எடுத்து வைக்கவே இல்லை. அந்தப் பயணமும் வீண்.

ஆனால் அன்று அவர் கேட்ட கேள்விகள்தான் எங்களைக் காப்பாற்றின. பாக்ஸ் என்றால் மணல் அச்சு அடைத்த பெட்டி, மேல் கீழ் என்று இரண்டு பாதி. லேடில் என்றால் உருகிய மெட்டலை ஏந்தி ஊற்றும் வாளி. "ஓட்டை மேல் பாக்ஸ் பக்கமா, கீழ்ப் பக்கமா?" மேல் பக்கம். அது தெரியும். "ஒரு லேடில்ல எத்தனை பாக்ஸ் ஊத்துறீங்க?" பத்து. "ஓட்டை விழுந்தது எத்தனாவது பாக்ஸ்?" பதில் இல்லை. ஆறு வாரம் மணலை மாற்றிக்கொண்டிருந்த நாங்கள் இதை ஒரு நாளும் பார்க்கவில்லை.

பாக்ஸ் மேல் சாக்பீஸால் எழுதினால் தட்டி உடைக்கும்போது போய்விடும். அதனால் மோல்டுக்குள்ளேயே ஆணியால் எண்ணைக் கீறச் சொன்னார். கீறிய எண் காஸ்டிங்கில் புடைத்து வரும். நேராகக் கீறினால் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி வரும், அதனால் திருப்பித்தான் கீற வேண்டும். எங்கள் மேஸ்திரி அப்பா காலத்து ஆள். முதல் நாள் 7 எல்லாம் திரும்பி வந்ததில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் ஒரு சின்னத் தகட்டில் எண்களைத் திருப்பி வெட்டி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே கீறினார்.

மேடமும் ஒரு மாணவரும் நேரில் வந்தது டிசம்பரில். உருகிய மெட்டலில் முக்கிச் சூடு பார்க்கும் டிப் பைரோமீட்டர் கொண்டுவந்திருந்தார்கள். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. "தம்பி, முப்பது வருசமா கண்ணால பாத்துத்தான் ஊத்துறேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் முக்கால்வாசி சரியாகவும் இருந்தது. முதல் பாக்ஸ் 1390 டிகிரி. அவர் வாயால் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். பத்தாவது பாக்ஸ் ஊற்றும்போது 1285. அவர் எதுவும் பேசாமல் மீட்டரை இன்னொரு முறை முக்கச் சொன்னார். 1280.

அன்று 40 பாக்ஸ் ஊற்றினோம். மெஷினிங் பார்த்ததில் ஏழு ஓட்டை. அந்த ஏழில் ஆறு காஸ்டிங்கும் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் எண் போட்டவை. நான்கு லேடிலிலும் அதே கதை. மணல் எல்லா பாக்ஸுக்கும் ஒரே மணல்தான்.

காயின் ரிப்போர்ட்டில் மீதி விடை இருந்தது. மாங்கனீசு 0.95%, கந்தகம் 0.13%, இரண்டும் அதிகம். எங்களிடம் இருக்கும் சி.ஈ. (கார்பன் ஈக்விவலன்ட்) மீட்டர் கார்பனையும் சிலிக்கானையும்தான் காட்டும், அவை இரண்டும் ஒழுங்காகவே இருந்தன. பிக் அயர்ன் (தாதுவிலிருந்து எடுத்த இரும்புக் கட்டி) விலை ஏறியதும் ஸ்டீல் ஸ்கிராப்பைக் கூட்டியிருந்தோம், அதில் மாங்கனீசு ஏறியது. கார்பனை ஈடுகட்டப் போட்ட மலிவான கார்பரைசரில் கந்தகம் ஏறியது. வெளி லேப் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் ஆகஸ்டிலிருந்தே இரண்டும் படிப்படியாக ஏறியிருக்கின்றன. நான் அந்த இரண்டு கட்டத்தையும் படித்ததே இல்லை.

மைக்ரோஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். இந்த முறை அறுக்காமல் கொடுத்த காஸ்டிங், அவர்களே மெதுவாக வெட்டி பாலிஷ் செய்தது. கறுப்புக் கோடுகளாய் கிராஃபைட். ஓட்டையின் ஓரத்தில் மட்டும் புறாவின் நிறத்தில், கோணல்மாணலான துகள்கள் கும்பலாக ஒட்டிக்கொண்டிருந்தன. மாங்கனீசு சல்பைடு. மெட்டல் சூடாக இருக்கும்வரை அது கரைந்திருக்கும். ஆறும்போது பிரிந்து மேலே மிதந்து கசடோடு கலக்கும், அந்தக் கசடு இரும்பிலுள்ள கார்பனோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடை விடும். வாயு மேல் தோலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் மேல் பாக்ஸ் பக்கம், அதனால்தான் ஆறிப்போன கடைசி மூன்று பாக்ஸ்.

மாற்றியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்கிராப்பில் சி.ஆர்.சி. கட்டிங் (குளிர்நிலையில் உருட்டிய தகட்டின் வெட்டுத் துண்டு) மட்டும் வாங்குகிறோம். கந்தகம் குறைந்த கார்பரைசர், கிலோவுக்கு விலை கூடத்தான். மாங்கனீசுக்கு மேடம் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தார்: கந்தகத்தை 1.7-ஆல் பெருக்கி 0.3 கூட்ட வேண்டும். பர்னஸ் சுவரில் அதை பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம். லேடிலைச் சிவக்கச் சூடாக்கிய பிறகே மெட்டல் இறக்குகிறோம், பத்து பாக்ஸுக்குப் பதில் ஆறு, 1340-க்குக் கீழே போனால் மீதியைத் திரும்ப பர்னஸில் ஊற்றிவிடுகிறோம். இந்தக் கடைசி விதி மேஸ்திரியே போட்டது. ஜனவரி மாதக் கணக்கில் ரிஜெக்‌ஷன் 4%. கஸ்டமரின் குவாலிட்டி ஆள் போன் செய்து என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பிப்ரவரியில் எஃப்.ஜி. 200-ஐவிட வலுவான எஃப்.ஜி. 260-இல் ஒரு பேரிங் ஹவுசிங் ஆர்டர் வந்தது. இரண்டு வருடமாக அதை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம், இந்த முறை எடுத்தோம். அதன் கேட்டிங்கைத்தான் (அச்சுக்குள் மெட்டல் ஓடும் வழி) மாணவர் புராஜெக்டாகக் கொடுத்தேன், அவசரமில்லாத வேலை என்பதால். நாலு பசங்க கம்ப்யூட்டரில் சிமுலேஷன் போட்டு ரைசரை (உறையும்போது கூடுதல் மெட்டல் ஊட்டும் பகுதி) இடம் மாற்றச் சொன்னார்கள். அதில் ஒரு பையன் ஜூனில் எங்களிடமே வேலைக்குச் சேர்ந்தான்.

முதல் முறை போகிறவர்கள் இதையாவது கையில் கொண்டுபோங்கள்: அறுக்காத கெட்ட காஸ்டிங் இரண்டு, நல்லது ஒன்று, அதே ஹீட்டின் காயின், அன்றைய சார்ஜ் கணக்கு (பர்னஸில் எது எவ்வளவு போட்டோம் என்பது), "மாதிரி, விற்பனைக்கு அல்ல" என்று எழுதிய டெலிவரி சலான். செம்பு அச்சு இல்லாதவர்கள் கணபதி பக்கம் இருந்தால் எங்களிடம் வந்து வாங்கிக்கொள்ளலாம், இரண்டு வைத்திருக்கிறோம். மெட்டல் ஊற்றும் முன் நன்றாகத் துடைத்துச் சூடு காட்டிவிடுங்கள், ஈரம் இருந்தால் தெறிக்கும்.