டிஃப் லாக்கில் காற்று லீக்: மாதவரம் ஷெட் நாட்குறிப்பு

நவம்பர் 4

ஆறு சக்கர டிப்பர். எண்ணூர் பக்கம் சாம்பல் லோடு அடிக்கும் வண்டி. டிரைவர் சொன்ன புகார் இரண்டு. பினியன் சீலில் (ஓட்டும் ஷாஃப்ட் ஆக்சிலுக்குள் நுழையும் இடத்து ஆயில் தடுப்பில்) ஆயில் கசிகிறது, "டிஃப் லாக் போட்டா காத்து நிக்கல, முள்ளு இறங்கிட்டே இருக்கு." டிஃப் லாக் என்பது சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வழுக்காமல் பின் சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டும் அமைப்பு; முள் என்றது காற்றழுத்த மீட்டரின் முள். இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் இரண்டு கோளாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சீலை மட்டும் மாற்றி அனுப்பினால் புது சீலும் ஒழுகும்.

மழைக்காலத்தில் யார்டு முழுக்கச் சேறு. வருஷம் பூராவும் தொடாத லாக் சுவிட்சை இப்போது தினமும் போடுகிறார்கள். அதனால்தான் பழைய ஓ-ரிங்குகளின் (காற்றைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) கோளாறு இந்த மாதத்தில் தெரியவருகிறது.

காற்று போகும் வழி: டேங்க், நாலு சர்க்யூட் பாதுகாப்பு வால்வு, அதில் பிரேக்குக்குச் சேராத உப லைன், சொலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு), 6 மி.மீ. நைலான் பைப், கடைசியாக ஆக்சில் ஹவுசிங்கில் இருக்கும் சின்ன சிலிண்டர். உள்ளே பிஸ்டன் ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் பல் காலரை நகர்த்திப் பூட்டும். சுவிட்சை அணைத்ததும் சொலினாய்டு காற்றை வெளியே விடும், ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளும்.

நவம்பர் 5

முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. கவர்னர் (காற்றழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு) கட் ஆகும் வரை, ஏறத்தாழ 8 பார், காற்று ஏற்றி இன்ஜினை அணைத்தாயிற்று. லாக் போடாமல் பத்து நிமிஷம்: முள் அசையவில்லை. அப்படியானால் சொலினாய்டுக்கு முந்தைய லைனும் அதன் உள் சீட்டும் சரி. சாவி மட்டும் ஆன் செய்து லாக் போட்டதும் முள் இறங்கத் தொடங்கியது. கோளாறு சொலினாய்டுக்குப் பிந்தைய பகுதியில்.

சோப்புத் தண்ணீர் அடித்ததில், சேஸிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் இடத்து ஃபிட்டிங்கில் ஒரே ஒரு குமிழ் மெதுவாக ஊதியது. முள் இறங்கிய வேகத்துக்கு அந்தக் குமிழ் காணாது. பெரும்பாலானோர் இங்கேதான் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். வெளியே கேட்கும் லீக்கை அடைத்துவிட்டு, கேட்காத லீக்கை விட்டுவிடுகிறார்கள்.

பிரீதரை (ஆக்சில் ஹவுசிங்கின் மூச்சுக்குழலை) தொட்டால் சாம்பலும் சேறும் சேர்ந்து சிமெண்டாக இறுகியிருந்தது. கழற்றியதும் ஆயில் புகையோடு காற்று சீறியது. ஹவுசிங்குக்குள் காற்று போகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனாலும் உறுதிக்காக, சிலிண்டரில் பைப்பைக் கழற்றி அதன் முனையை டம்மி போட்டு அடைத்து மறுபடி லாக் சுவிட்ச் போட்டோம். அந்தச் சின்னக் குமிழுக்கு உரிய அளவைத் தவிர முள் இறங்கவில்லை. பிஸ்டன் ஓ-ரிங்தான்.

பினியன் சீல் ஒழுகியதும் இதனால்தான். அந்த சீலின் உதடு ஆயிலைத் தடுக்கச் செய்தது, அழுத்தத்தைத் தாங்க அல்ல. பிரீதர் அடைபட்டால் உள்ளே சேரும் காற்று ஆயிலைப் பினியன் வழியாகத் தள்ளும், பிறகு ஹப் சீல் (சக்கர மையத்து ஆயில் தடுப்பு) வழியாகத் தள்ளும். ஹப் சீல் போனால் ஆயில் பிரேக் லைனரில் இறங்கும், அந்தச் சக்கரம் பிடிக்காது. லோடு வண்டியில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

நவம்பர் 6

டேங்கை முழுதாக வடித்த பிறகே கை வைத்தோம். சிலிண்டரைச் சுற்றி டீசலும் பிரஷும் போட்டுக் கழுவியாக வேண்டும். சாம்பல் ஒரு துளி உள்ளே போனாலும் சிலிண்டர் சுவரைக் கீறும். கவர் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பின்னால் ஸ்பிரிங் இருக்கிறது.

ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்குக் கல்லாகியிருந்தது. சிலிண்டர் சுவரில் மெல்லிய துருக்கோடு. டேங்க்கை வடிக்காமல் விட்ட தண்ணீரின் வேலை. 600 நம்பர் எமரித் தாளில் ஆயில் தொட்டுச் சுற்றுவாக்கில் தேய்த்ததும் கோடு மறைந்தது. தேய்த்த பிறகும் நகம் மாட்டினால் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

ஓ-ரிங் வாங்கும்போது பழையதை அளந்து வாங்கக் கூடாது, அது நசுங்கியது. பிஸ்டன் பள்ளத்தின் அகலம், ஆழம், அடிவிட்டம் மூன்றையும் வெர்னியரில் எடுத்துக்கொண்டு மண்ணடிக் கடைக்குப் போக வேண்டும். நைட்ரைல் ரப்பர் போதும், ஆக்சில் சூடேறும் வண்டிக்கு விட்டான் ரப்பர் நல்லது. நிறத்தைப் பார்த்து ரப்பரை நம்ப வேண்டாம். ஹைட்ராலிக் பிரேக் கிட்டில் வரும் இபிடிஎம் ரப்பர் ரிங்கை அளவு பொருந்துகிறது என்று போட்டால் கியர் ஆயிலில் ஊறிப் பெருத்துவிடும். பிஸ்டன் இறுகி, போட்ட லாக் விடுபடாது. அப்படியே வண்டி திரும்பினால் ஆக்சில் ஷாஃப்ட்டுக்குக் கேடு.

ரிங் முறுக்கில்லாமல் உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றிப் பார்த்து, கியர் ஆயில் தடவி ஏற்றியாயிற்று. கவருக்கு சீலண்ட் மெல்லிசாக, காற்றுத் துளைக்கு அருகில் தடவாமல்.

நவம்பர் 7

குமிழ் வந்த ஃபிட்டிங்: பைப் முனை ஹாக்சாவால் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. கட்டரில் நேராக வெட்டி, உள்ளே பித்தளை இன்சர்ட் வைத்துப் புது ஃபெரூல் (பைப்பைக் கவ்வும் வளையம்). டேப் சுற்றவில்லை, அதன் துணுக்கு சொலினாய்டு சீட்டில் சிக்கும். பைப்புக்குள் ஊதியபோது கியர் ஆயில் வந்தது. பழைய ரிங்கைத் தாண்டி வந்தது. சொலினாய்டு எக்ஸாஸ்டில் ஆயில் சொட்டு தெரிந்தால் ஆக்சிலைத் திறக்காமலே இந்தக் கோளாறைச் சந்தேகிக்கலாம்.

கனெக்டரில் பச்சைத் துரு, கடற்காற்று வாங்கும் வண்டிகளில் சகஜம். சுத்தம் செய்ததும் 24 வோல்ட் முழுதாக வந்தது.

நவம்பர் 8

பினியன் சீல் புதிது. டிரம் கழற்றிப் பார்த்ததில் லைனர் காய்ந்தே இருந்தது, ஹப் சீல் தப்பியது. வடித்த ஆயில் பால் நிறம். சூடான ஆக்சில் மழைத்தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது உள்ளே இழுக்கும். நைந்த சீல் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கும். 85 டபிள்யூ 140 ஆயில் லெவல் துளை விளிம்பு வரை. புது பிரீதரை ஹோஸ் போட்டுச் சேஸ் உயரத்துக்கு ஏற்றி, வாயைக் கீழே பார்க்க வைத்தாயிற்று.

லாக் போட்டுப் பத்து நிமிஷம், முள் நின்றது. பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் எடுத்துக் கையால் சுற்றினால் இரண்டும் ஒரே பக்கம் சுற்றின, டாஷ் விளக்கும் எரிந்தது. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லாக்கோடு கியர் போட்டால் வண்டி ஜாக்கியை விட்டுப் பாயும்.

முதல் லோடு இறக்கியதும் பிரீதர் முனையையும் சொலினாய்டு எக்ஸாஸ்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க டிரைவரிடம் சொல்லியாயிற்று. துணியில் ஆயில் பட்டால் அடுத்த லோடு ஏற்றாமல் வண்டியைக் கொண்டுவர வேண்டும்.