45,000 வருஷ எலும்புல மீத்தைலேஷன் தேடின கதை

நான் படிச்சது புள்ளியியல், எலும்பு பக்கமே போனதில்ல. மீத்தைலேஷன்னா டிஎன்ஏ மேல மீத்தைல்ங்கற சின்ன வேதிக் குறி ஒட்டறது. சைபீரியாவுல இர்த்திஷ் ஆத்தங்கரையில கிடைச்ச உஸ்த்-இஷிம் மனுஷனோட தொடை எலும்பு சுமார் 45,000 வருஷம் பழசு, அதோட ஜீனோம் (முழு டிஎன்ஏ வரிசை) 2014ல வந்துச்சு, கவரேஜ் 42 மடங்கு (ஒவ்வொரு எடத்தையும் சராசரியா 42 தடவை படிச்சிருக்காங்க), டேட்டா ஃப்ரீயாவே கிடைக்குதுன்னதும் இறங்கிட்டேன்.

விஷயம் இதுதான். ஆள் செத்தப்புறம் டிஎன்ஏல இருக்கற சைட்டோசின்ங்கற எழுத்து (சி) மெல்ல மெல்ல கெட்டுப்போகும், மீத்தைல் ஒட்டாதது யுராசில் ஆகும், ஒட்டினது நேரா தைமின் (டி) ஆயிடும். லேப்ல யூடிஜி என்சைம் போட்டா யுராசிலை எடுத்துடும், தைமினை தொடாது. அப்போ சிபிஜி எடத்துல (சிக்கு அடுத்து ஜி வர்ற எடம், மீத்தைல் பெரும்பாலும் இங்கதான் ஒட்டும்) சிக்கு பதிலா டி தெரிஞ்சா உயிரோட இருந்தப்போ அங்க மீத்தைல் இருந்திருக்குன்னு அர்த்தம். அட, அழுகினதே ஆதாரம்!

முதல் வாரம் முழுக்க வேஸ்ட். பழைய டிஎன்ஏக்குன்னு பழக்கமா ஓட்டற பைப்லைனையே (வரிசையா ஓடற புரோகிராம்களை) ஓட்டினேன், அது சேதமான டியோட குவாலிட்டி ஸ்கோரை (அந்த எழுத்தை எவ்ளோ நம்பலாம்ங்கற மார்க்கை) குறைச்சிடும், என் ஃபில்டர் அதையெல்லாம் தூக்கி வெளிய போட்டுடுச்சு. நான் தேடி வந்ததே அந்த டியைத்தான்! கிராஃப் செத்த பாம்பு மாதிரி நேரா கிடந்துச்சு.

அதை சரி பண்ணினா அடுத்த தலைவலி. மீத்தைல் இருக்கற எடத்துல கூட 1.5 சதவீதம்தான் டியா மாறியிருக்குன்னு வெச்சுக்கோங்க, ரெண்டு இழையும் சேர்த்து ஒரு எடத்துல 40 ரீட் (மெஷின் படிச்ச டிஎன்ஏ துண்டு) வந்தாலும் ஒரு டி கூட தெரியாம போக பாதிக்கு மேல சான்ஸ் இருக்கு (0.985ஐ 40 தடவை பெருக்கிப் பாருங்க, 0.55 வரும்). அதாவது பூஜ்யம்னு வந்தா அது மீத்தைல் இல்லாததாலயா, அதிர்ஷ்டம் இல்லாததாலயான்னே சொல்ல முடியாது. பக்கத்து பக்கத்து 10 சிபிஜியை ஒரே விண்டோவா சேர்த்தா 400 ரீட், இப்போ தற்செயலா பூஜ்யம் வர வாய்ப்பு ஆயிரத்துல ரெண்டு மூணுதான். பக்கத்து சிபிஜிங்க பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்ங்கற நம்பிக்கையிலதான் இதெல்லாம் நிக்குது.

அப்புறம் பாதி ரீட்லயோ எல்லா ரீட்லயுமோ டி வர்ற எடத்தை தூக்கிட்டேன், அது நிஜ மியூட்டேஷன், விட்டா விண்டோ முழுக்க கெட்டுடும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு, எல்லா செல்லுலயும் வேலை செய்யற ஒரு ஜீனோட ஆரம்பத்துல (அங்க பொதுவா மீத்தைல் இருக்காது) கோடு சர்ருன்னு கீழ இறங்கி குழி விழுந்துச்சு, இன்னிக்கு மனுஷங்க எலும்புல இருக்கற அதே எடத்துல! ஆசை விடல, இன்னும் ஸ்மூத்தா வரட்டும்னு விண்டோவை 51 ஆக்கினேன், சின்ன குழியெல்லாம் மூடிப்போச்சு. திரும்ப 10க்கே வந்துட்டேன்.