மீண்டும் தூரிகை: ஒரு நிலக்காட்சி நாட்குறிப்பு

பிப்ரவரி 4, 2024

பள்ளி நாட்களோடு விட்டுப்போன நீர்வண்ண ஓவியத்தை மறுபடியும் கையில் எடுத்திருக்கிறேன். பணத்தில் பெரும்பகுதியைத் தாளுக்கே செலவிட்டேன். வண்ணம் சுமாராக இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம்; 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாள் இல்லாவிட்டால், நீர் பட்டதும் தாள் நெளிந்து, வண்ணம் பள்ளங்களில் குளம் கட்டிவிடுகிறது. அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, எலுமிச்சை மஞ்சள் என மூன்றே டியூப்கள். ஒரு பட்டைத் தூரிகை, நுனி கூரிய ஒரு வட்டத் தூரிகை. 24 வண்ணங்கள் அடங்கிய பெட்டியை வேண்டுமென்றே தவிர்த்தேன்.

பிப்ரவரி 11

இன்று காட்சி எதையும் வரையவில்லை. நீலத்தையும் சியன்னாவையும் வெவ்வேறு அளவில் கலந்து பார்ப்பதிலேயே காலைப்பொழுது போயிற்று. நீலம் கூடினால் மழைமேகத்தின் சாம்பல், சியன்னா கூடினால் ஈரமண்ணின் பழுப்பு, நீரைக் குறைத்து இரண்டையும் அடர்த்தியாகச் சேர்த்தால் ஏறக்குறையக் கறுப்பு. உலர்ந்த தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, நீலத் துகள்கள் தாளின் நுண்குழிகளில் தங்கியிருக்க, மேடுகளில் பழுப்பு மட்டும் மெலிதாகப் படிந்திருந்தது. பாறையின் சொரசொரப்பை நாம் தனியாக வரைய வேண்டியதில்லை. இந்த நீலம் முன்பு ஆப்கானிஸ்தானில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி கல்லிலிருந்து பிரிக்கப்பட்டது. 1820களில் அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறை ஐரோப்பாவில் கண்டறியப்பட்ட பிறகே என்னைப் போன்றவர்களின் கைக்கு எட்டும் விலைக்கு வந்தது.

பிப்ரவரி 25

வளர்ந்தவர்களுக்குக் கை தடையாக இருப்பதில்லை, தெரிந்த விஷயங்களே தடையாக இருக்கின்றன என்று தோன்றுகிறது. மலை என்றதும் விரல்கள், சிறுவயதில் எல்லோரும் வரைந்த அந்த முக்கோணத்தைப் போடப் பார்க்கின்றன; மரம் என்றதும் மனம் 'பச்சை' என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறது. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால்தான் பெயர்கள் மறைந்து, வெளிர், நடுத்தரம், அடர் என்ற மூன்று டோன்கள் மிஞ்சுகின்றன. தொலைவில் இருந்த மரங்களில் பச்சையே இல்லை. நீலச் சாம்பல்தான் இருந்தது. காற்று குறுகிய அலைநீளம் கொண்ட நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால், நமக்கும் தொலைவுக்கும் இடையில் ஒரு மெல்லிய நீலத் திரை விழுகிறது. இருண்ட பகுதிகள் வெளிறுகின்றன, ஒளிக்கும் நிழலுக்குமான வேறுபாடு குறைகிறது. லியனார்டோ டா வின்சி தமது குறிப்பேடுகளில் இதை எழுதிவைத்திருக்கிறார். காரணம் தெரிந்த பிறகும், தூரத்து மரத்தை நீலமாகத் தீட்டக் கை தயங்கத்தான் செய்கிறது.

மார்ச் 10

முழுக்க வானம். ஈரத்தாளில் வண்ணம் விடுவது நேரம் பார்க்கும் வேலை: நீர் பளபளக்கும்போது தொட்டால் வண்ணம் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது, பளபளப்பு அடங்கி, ஈரம் மட்டும் இருக்கும் அந்தச் சில நொடிகளில் தொட்டால் மேகத்தின் அடிப்பகுதி மென்மையாகக் கரைகிறது. உலர்ந்தால் வெளிறிவிடும் என்பதால் தேவைக்கு மேல் ஒரு பங்கு அடர்த்தியாகவே வைக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் வானத்தை மட்டுமே மீண்டும் மீண்டும் தீட்டி, அவற்றில் பலவற்றின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதிவைத்தார். நானும் பின்புறம் எழுதத் தொடங்கிவிட்டேன்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: வின்ஸ்டன் சர்ச்சில் முதன்முதலாகத் தூரிகை பிடித்தது 1915இல், 40 வயதில். அவர் தீட்டியவற்றில் பெரும்பாலானவை நிலக்காட்சிகள்தான்.

மார்ச் 17

வெளியில் அமர்ந்து தீட்டுவது வேறு உலகம். பாதி முடிப்பதற்குள் நிழல்கள் இடம் மாறிவிடுகின்றன. பென்சிலில் உள்ளங்கை அளவு வரைபடம் போட்டு, நிழல் எங்கே விழுகிறது என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொண்டு, பிறகு சூரியன் என்ன செய்தாலும் அதை மாற்றாமல் இருப்பதே வழி. முன்புறப் புல்லில் நான்கைந்து கீற்றுகளோடு நிறுத்திக்கொண்டேன். ஒவ்வோர் இதழாக வரைந்திருந்தால் பார்ப்பவரின் கண் அங்கேயே நின்று, மலைவரை போகாது. அடுத்த முறை தண்ணீருக்கு இரண்டு குவளைகள் வேண்டும், ஒன்று கழுவ, ஒன்று கலக்க; கலங்கிய நீர் பட்டால் மஞ்சள் மஞ்சளாக நிற்பதில்லை.