காலைல பறிச்ச இலையும் சாயங்காலம் பறிச்ச இலையும்

நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜ் லேப்ல ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டா சேர்ந்து நாலு வருஷம் ஆகுது. வீடு தோவாளை. அம்மாவும் சித்தியும் பிச்சி பறிக்கப் போறவங்க, விடியறதுக்கு முன்னாடியே தலைல டார்ச்ச கட்டிக்கிட்டு கெளம்பிருவாங்க. நான் எட்டு மணி பஸ் பிடிச்சு லேபுக்குப் போவேன்.

முதல் வருஷம் கொடுத்த வேலை நெல்லுல வறட்சி. அம்பை 16-ங்கிற நெல் ரகத்தோட நாத்த ட்ரேல வளத்து, ஒரு ராக்குக்கு தண்ணி ஊத்தி, இன்னொரு ராக்குக்கு நிறுத்திட்டு, இலைல எந்த ஜீனோட வேலை கூடுது எதோடது குறையுதுன்னு பாக்கணும். இலைய வெட்டின உடனே லிக்விட் நைட்ரஜன்ல போடணும், அது மைனஸ் 196 டிகிரி, பச்சை இலை நொடில அப்பளம் மாதிரி ஆயிரும், மார்ட்டர்ல ரெண்டு அரை அரைச்சா மாவாப் போயிரும், அந்த மாவு உருகுறதுக்குள்ள டியூப்ல அள்ளணும், ஸ்பேச்சுலாவையும் முதல்லயே நைட்ரஜன்ல முக்கி வச்சுக்கணும் இல்லன்னா அதுலயே ஒட்டிக்கும். இதெல்லாம் நான் நல்லாத்தான் செஞ்சேன். ஆனா தண்ணி ஊத்தின ராக்க காலைல பத்து மணிக்கு வெட்டினேன், அதுக்கப்புறம் பிஎஸ்சி பிள்ளைங்களுக்கு ப்ராக்டிகல் இருந்துச்சு, அதுல நின்னுட்டு, காஞ்ச ராக்க நாலு மணிக்குத்தான் வெட்ட முடிஞ்சுது. டியூப் மேல தேதி மட்டும் எழுதினேன்.

பிசிஆர்ங்கிறது சைக்கிளுக்கு ரெண்டு மடங்கா நகல் எடுத்து ஒரு ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்குற முறை, சீக்கிரம் தெரிஞ்சா முதல்லயே நெறைய இருந்துச்சுன்னு அர்த்தம். அந்த ரிசல்ட் வந்தப்போ ஒரு ஜீன் தண்ணி ஊத்தினதுல 27-வது சைக்கிள்ல வந்துச்சு, காஞ்சதுல 22-லேயே வந்துருச்சு. அஞ்சு சைக்கிள் வித்தியாசம்னா ரெண்ட அஞ்சு தடவை பெருக்கணும், 32 மடங்கு. வறட்சி ஜீன் கெடச்சிருச்சுன்னு எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். எங்க லேப் மேடம் ஒரு செமினாருக்கு சுருக்கமும் எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

அந்த வாரம் வேற ஊர்ல இருந்து ஒரு சயின்டிஸ்ட் அம்மா லேப் பாக்க வந்தாங்க. கிராஃப பாத்துட்டு அவங்க கேட்டது ஒரே கேள்விதான், "ரெண்டு இலையும் ஒரே நேரத்துல வெட்டினதா மா?" எனக்கு பதில் சொல்ல வரல. நைட்ரஜன் எடுக்குற ரெஜிஸ்டர்ல நான் போட்ட கையெழுத்து இருந்துச்சு, 10.10, 4.20. அந்த ரெண்டு நேரத்தையும் இப்பவும் மறக்க முடியல.

அவங்க உக்காந்து பொறுமையா சொல்லிக் கொடுத்தாங்க. செடிக்கு உள்ளயே ஒரு கடிகாரம் ஓடுது, தனியா மூளை மாதிரி ஒரு இடத்துல இல்ல, ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஓடுது. 1729-ல பிரான்ஸ்ல டி மேரான்னு ஒருத்தர் தொட்டாவாடி மாதிரி ஒரு செடிய இருட்டுக்குள்ள வச்சுப் பாத்திருக்கார், வெளிச்சமே இல்லாமலும் அது பகல்ல இலைய விரிச்சு ராத்திரி மடக்கிருக்கு. 1832-ல டி கண்டோல் பாத்தப்போ, வெளில இருந்து பகல் ராத்திரி தெரியாதபடி வச்சா அந்தச் சுத்து 24 மணி நேரம் இல்ல, 22, 23 மணி நேரம்னு தெரிஞ்சுது. அப்போ அது வெளில இருந்து வர்ற கணக்கு இல்ல, செடியோட சொந்தக் கணக்கு, சூரியன் வந்து தினமும் அத திருத்தி வைக்குது அவ்வளவுதான்.

அந்தக் கணக்க வச்சிருக்கிறது ஜீன்கள். இதுல நெறைய விஷயத்த கண்டுபிடிச்சது அராபிடாப்சிஸ்ங்கிற கடுகு இனத்துச் சின்ன செடில. விடியக்காலம் சிசிஏ1, எல்ஹெச்ஒய்னு ரெண்டு ஜீன் உச்சத்துக்கு வரும், அதுங்களோட புரோட்டீன் போய் டிஓசி1-ங்கிற சாயங்கால ஜீனோட வாயப் பொத்தும். பகல் போகப்போக பிஆர்ஆர்9, 7, 5-னு மூணு ஜீன் வரிசையா வந்து காலை ஜீன அமுக்கும், காலை ஜீன் அமுங்கினதும் சாயங்கால ஜீனுக்கு வாய் திறக்கும், அது எழும்பி திரும்ப காலை ஜீனையே பொத்தும், ராத்திரி ஈஎல்எஃப்3, ஈஎல்எஃப்4, லக்ஸ்னு மூணு பேரு சேர்ந்து நின்னு காவல் பாப்பாங்க, எல்லாரும் ஓய்ஞ்சு விடியப்போற நேரத்துல காலை ஜீன் மறுபடி எழும்பும். டிஓசி1 காலை ஜீன எழுப்புதுன்னுதான் ரொம்ப நாள் நெனச்சிருந்தாங்க, 2012-லதான் அது அமுக்குற ஆளுன்னு தெளிவாச்சு. ஒருத்தர ஒருத்தர் அமுக்கியே ஒரு நாள் நேரம் கணக்கா ஓடுதுங்கிறது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். வெயிலடிச்சாலும் குளிர்ந்தாலும் கிட்டத்தட்ட அதே வேகத்துல ஓடும், அது இன்னொரு ஆச்சரியம். அந்தச் செடில மூணுல ஒரு பங்கு ஜீன்கள் இந்தக் கடிகாரத்த பாத்துத்தான் ஏறி எறங்குதாம். அப்போ நான் காலை இலையையும் சாயங்கால இலையையும் ஒண்ணுக்கொண்ணு வச்சுப் பாத்தா வறட்சி தெரியுமா, மணிதான தெரியும்!

நெல்லுலயும் இதே ஆளுங்க இருக்காங்க. பூக்குற நேரத்துக்கும் இந்தக் கடிகாரம்தான் ஆதாரம், பகல் நீளத்த அதுல வச்சு அளந்து ஹெச்டி1, ஹெச்டி3ஏ ஜீன்கள் வழியா கதிர் வருது. நம்ம கன்னியாகுமரி பக்கம் வருஷத்துலயே நீளமான பகலுக்கும் குட்டைப் பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் கெடையாது, அந்த இத்துணூண்டு வித்தியாசத்த பிடிச்சு பகல் குறையற காலத்துக்குன்னு காத்திருந்து கதிர் தள்ளுற பழைய சம்பா நெல்லெல்லாம் இருக்கு. கன்னிப்பூ, கும்பப்பூன்னு எங்க பக்கம் நெல்லுக்கு ரெண்டு போகம், கும்பப்பூவுக்கு உள்ளத கன்னிப்பூவுல வெதைக்காதன்னு தாத்தா சொன்னதுக்கு அர்த்தம் அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

சுருக்கத்த மேடம் அனுப்பல. திட்டவும் இல்ல, "முதல்ல இந்த ஜீனுக்கு ஒரு நாள் எப்படி போகுதுன்னு பாப்போம்"னு சொன்னாங்க. 12 மணி நேரம் லைட்டு, 12 மணி நேரம் இருட்டுன்னு ரெண்டு வாரம் நாத்து வளத்து, தண்ணி குறையாம, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை 48 மணி நேரம் இலை வெட்டினோம், முதலும் கடைசியும் சேத்து 13 தடவை. நானும் ஜூனியர் பிள்ளையும் லேப் தரையில பாய் போட்டு மாறி மாறித் தூங்கினோம். இருட்டு நேரத்துல சாதா லைட்ட போட்டா செடியோட கடிகாரமே நகந்துரும், அதனால டார்ச்சுக்கு பச்சை செலஃபன் தாள நாலு மடிப்பா சுத்தி, அந்த மங்கல் வெளிச்சத்துலதான் கத்திரி பிடிச்சது. ரெண்டாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு வெட்டப் போறப்போ அம்மா போன் பண்ணாங்க, அவங்க அப்போதான் எந்திரிச்சிருக்காங்க. "முழிச்சிருக்கியா மக்களே?" ன்னாங்க. நான் விஷயத்த சொன்னேன். "மூடம் போட்டு மழையாக் கெடந்தாலும் பிச்சி அது நேரத்துக்கு முத்திரும், நாமதான் பிந்துவோம், கேட்டியா" ன்னுட்டு வச்சுட்டாங்க.

ரிசல்ட்ல ரெண்டு மலை வந்துச்சு. தண்ணி நல்லா குடிச்ச நாத்துலயே அந்த ஜீன் காலைல தரையில கெடந்து சாயங்காலம் உச்சிக்கு ஏறி ராத்திரி எறங்கி, மறுநாளும் அப்படியே. அடுத்த மாசம் லைட்ட அணைக்காம முழு நேரமும் எரியவிட்டுப் பாத்தோம், மலை கொஞ்சம் தணிஞ்சுது, ஆனா இருந்துச்சு, அப்போ அத ஏத்தி எறக்குறது செடியோட கடிகாரம்தான்.

வறட்சி சோதனைய முதல்ல இருந்து செஞ்சோம், ரெண்டு ராக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டு பேரா நின்னு ஒரே நேரத்துல வெட்டி. காலை பத்து மணில ஒண்ணும் வித்தியாசம் இல்ல. சாயங்காலம் நாலு மணில காஞ்சதுல ஒரு சைக்கிள் முன்னாடி வந்துச்சு, அதாவது ரெண்டு மடங்கு, மூணு தடவை செஞ்சும் அதேதான். 32 போய் ரெண்டு ஆனாலும் அந்த ரெண்டு உண்மை. அதுவும் சாயங்காலம் மட்டும் தெரியுற உண்மை, காலைல மட்டும் பாத்திருந்தா இல்லவே இல்லன்னு எழுதிருப்போம்.

இப்போ ஃப்ரீசர் சாவி என் கைல. புது பிள்ளைங்க தேதி மட்டும் எழுதின டியூப கொண்டுவந்தா நான் உள்ள வைக்க மாட்டேன், நைட்ரஜன் கேன் பக்கத்துல மார்க்கர கயிறு கட்டித் தொங்க விட்ருக்கேன், மணிய எழுதிட்டுத்தான் இலை வெட்டணும்.