அதைக் கேட்கல ஐயா

பிரசங்க பீடத்தில் நிற்கும்போது கேட்டால் எனக்குப் பதில் சுலபம். பிசாசு பிடிப்பது இன்றும் உண்டா? உண்டு. அதெல்லாம் அப்போஸ்தலர்களோடு முடிந்துபோனது என்று சொல்கிறவர்களின் வாதமும் தெரியும். யோவான் சுவிசேஷத்தில் பிசாசைத் துரத்திய சம்பவம் ஒன்றுகூட இல்லை. நிருபங்களில் சபையைப் பார்த்து ‘துரத்துங்கள்’ என்று நேரடியான கட்டளையும் இல்லை. சரி. ஆனால் 251இல் ரோமாபுரி ஆயர் கொர்நேலியு தன் சபையின் ஊழியர்களைக் கணக்குச் சொல்லும்போது, பிசாசு ஓட்டுகிறவர்கள், வாசகர்கள், வாயில் காப்போர் என்று சேர்த்து 52 பேர் என்கிறார். அப்போஸ்தலர்கள் போய் எவ்வளவோ காலம் கழித்து, சம்பளப் பட்டியலில் இடம்பிடிக்கிற அளவுக்கு அந்த வேலை இருந்திருக்கிறது.

இதையெல்லாம் வேதப்பாட வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு அறையில், பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டார் சொன்ன அந்தப் பிள்ளை கேட்டபோது மட்டும் அந்த ‘உண்டு’ வாயில் வரவில்லை.

“ஐயா, எனக்குள்ள இருக்குதா, இல்லையா?”

“உனக்குள்ள என்ன இருந்தாலும் இயேசு அதைவிடப் பெரியவர், மகள்.”

“அதைக் கேட்கல ஐயா.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் தாய் தேத்தண்ணியோடு வந்துவிட்டார்.

நான் சொன்னது வசனம்தான். யோவானின் முதலாம் நிருபம், 4ஆம் அதிகாரம். பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. இரண்டு சொல்லில் ஒன்றைத்தான் கேட்டாள். உண்டு என்றிருந்தால் அந்தப் பெயர் அவளுக்கு ஆயுசுக்கும் ஒட்டியிருக்கும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் ஒருத்தி தள்ளி நிற்பாள், கல்யாணப் பேச்சு வந்தால் யாராவது காதில் போடுவார்கள். இல்லை என்றிருந்தால்? அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவளைவிட எனக்குத் தெரியும் என்றாகிவிடும். அதனால்தான் நடுவில் நின்றேன். இப்படி எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் நியாயமாகத்தான் படுகிறது.

என்னிடம் வருமுன் அவளை இரண்டு இடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முதலில் பூசாரி. வலது உள்ளங்கையில் கற்பூரம் கொளுத்திய தழும்பு, ஐந்து ரூபாய்க் காசளவு, ஓரம் இன்னும் சிவந்திருந்தது. அப்புறம் டவுனிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார். அவர் தலையைப் பிடித்து அமுக்கி, கத்திக் கத்தி ஜெபித்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டதாம். பூசாரியின் மேல் எனக்கு வந்த கோபத்தைவிட நம்மவர் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

தகப்பனுக்கு ஒரே பிடிவாதம். “பேரைக் கேளுங்க ஐயா. ஆண்டவரே பேரைக் கேட்டாருல்ல?” கேட்டார்தான். மாற்கு 5இல், கல்லறைகளில் திரிந்தவனிடம் ‘உன் பேர் என்ன’ என்று கேட்கிறார், லேகியோன் என்று பதில் வருகிறது. ஆனால் நம் லயங்களில் பேரைக் கேட்டால் லேகியோன் என்று வராது. செத்துப்போன யாராவது ஒருவரின் பேர்தான் வரும். செத்தவனின் ஆவிதான் பிடிக்கும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. வேதம் சொல்லும் அசுத்த ஆவி அதுவல்ல. லூக்கா 16இல் செத்துப்போன ஐசுவரியவான் கெஞ்சிக் கேட்டும், செத்தவர்களிடமிருந்து ஓர் ஆளைத் தன் வீட்டுக்கு அனுப்ப அனுமதி கிடைக்கவில்லை.

அவளுக்கு வருகிற நேரத்தில் ஆண்குரலில் கவ்வாத்துக் கத்தியை, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கத்தியை, கேட்பாளாம். பக்கத்துக் காம்பராவில் தூக்குப் போட்டுச் செத்த மனுஷன் கவ்வாத்துக்காரர். தகப்பன் அவர் பேரைச் சத்தமாகச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மி அரைக்கிற சத்தம் நின்றது. அந்த மனுஷனின் விதவை அங்கேதான் இருக்கிறார், தினமும் இதே பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறார். நான் பேரைக் கேட்காததற்கு அந்த அம்மி ஒரு காரணம்.

மாற்கு 9இல் வேறொரு கேள்வி இருக்கிறது. பையன் தரையில் புரண்டு நுரைதள்ளிக்கொண்டிருக்கும்போது ஆண்டவர் தகப்பனைப் பார்த்து, இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று விசாரிக்கிறார். அதைத்தான் நானும் தாயிடம் கேட்டேன். “கொழும்புல வேலைக்கு நின்ன வீட்டுல இருந்து வந்ததுக்கப்புறம்தான்.” பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வீட்டைப் பற்றி அதற்குமேல் நான் கேட்கவில்லை. தகப்பன் பக்கத்தில் நிற்க, ஓர் ஆம்பிளை கேட்கிற கேள்வி அல்ல அது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம், அங்கே ஒரு லேடி டொக்டரிடம் இவளைத் தனியாகப் பேசவிடுங்கள் என்றேன்.

என்னுடைய கத்தோலிக்க நண்பர், அவர் ஒரு குருவானவர், இதைக் கேட்டுச் சிரித்தார். “எங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. ஆயர் அனுமதி தராமல் நாங்கள் பேயோட்ட முடியாது.” 1614இல் வந்த அவர்களுடைய சடங்கு முறையை 1999இல் திருத்தினார்கள். நோயைப் பேய் என்று எடுத்துக்கொள்ளாதபடி எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது அது. எனக்கு யார் அனுமதி தருவது? மூப்பர்மார் இரண்டு பேர், இருவரும் அன்றைக்குக் கொழுந்து மலையில்.

ஆனால் நான் முழுதாக ஆஸ்பத்திரிப் பக்கம் நின்றவனும் இல்லை. ஓட்டோவில் இறங்கும்போது அவளுக்கு ஒருமுறை வந்தது. கண் மேலே செருகி, பல்லைக் கடித்து, அந்தக் குரலும் வந்தது. நான் தலையில் கை வைத்து, மெதுவாகத்தான், “இயேசுவின் நாமத்தில் இவளை விட்டுப் போ” என்றேன். யாரைப் போகச் சொன்னேன்? வலிப்பை யாரும் ‘போ’ என்று அதட்டுவதில்லை. அவளுக்கு அது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், காம்பராவில் நான் சொல்லாமல் விட்ட பதிலை ஓட்டோவில் சொல்லிவிட்டேன் என்றுதானே எடுத்துக்கொள்வாள்?

அந்த மாற்கு 9 பையனைப் பற்றித்தான் மத்தேயு 17ஆம் அதிகாரமும் சொல்கிறது. அங்கே தகப்பன் அவனைச் சந்திரரோகி, அதாவது வலிப்புக்காரன், என்கிறார். ஆண்டவர் பிசாசை அதட்டுகிறார். அதே மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் தனித்தனியாகச் சொல்கிறார். அப்படியென்றால் எல்லா வலிப்பும் பிசாசு அல்ல, ஆனால் ஏதோ ஒன்று அப்படி இருக்கலாம். எது என்று பிரித்தறிய 1 கொரிந்தியர் 12இல் ஒரு வரமே இருக்கிறது. அந்த வரம் எனக்கு இருக்கிறது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்படிச் சொல்லித் தப்பிக்கலாமா என்பதும் தெரியவில்லை.

இப்போது மாத்திரை எடுக்கிறாள், மாதாமாதம் கிளினிக் போகிறாள். வருவது நன்றாகக் குறைந்துவிட்டது. லேடி டொக்டரிடம் என்ன பேசினாள் என்று நான் விசாரிக்கவில்லை. தாய்க்கு ஒரே சந்தோஷம். “ஓட்டோவுல நீங்க ஜெபிச்சதுலதாங்க ஐயா போச்சு” என்கிறார். போன கிழமை வீட்டுக்கே வந்து, ஆராதனையில் சாட்சி சொல்ல இடம் கேட்டார். மாத்திரையைப் பற்றியும் சொல்வீர்களா என்றேன். “அதை எதுக்கு ஐயா சாட்சியில சொல்லிக்கிட்டு?” என்றார்.

மகளிடம் கேட்டுவிட்டு வாருங்கள், அவள் சரி என்றால் பார்ப்போம் என்று அனுப்பியிருக்கிறேன்.