திருநீற்றுப்பச்சை மணத்த பீட்சா

அம்மாவின் பிறந்தநாளுக்காக நேற்றிரவு காட்பாடியில் ஓர் இத்தாலிய உணவகத்துக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். விலைப்பட்டியலைப் பார்த்ததுமே, “ரொட்டியின்மேல் தக்காளித் தொக்கைத் தடவித் தருவதற்கு இவ்வளவு விலையா?” என்று அலுத்துக்கொண்ட அம்மா, மார்கரிட்டா பீட்சாவின்மேல் கிடந்த இலையைக் கிள்ளி முகர்ந்து, “இது நம் ஊர்த் திருநீற்றுப்பச்சை அல்லவா!” என்று வியந்தார். உணவகக்காரர்கள் பேசில் என்று சொல்வதும் அதே இனச் செடிதான். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர முறைப்படி ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸ் சூட்டில், விறகு அடுப்பில் 60 முதல் 90 விநாடிகளுக்குள் வெந்துவிடும் பீட்சாவுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தது ஒன்றே குறை. ஆனால் குழந்தைக்கு உயரமான நாற்காலியைத் தேடி எடுத்துவந்து, நாங்கள் கேட்காமலேயே காரமில்லாத பாஸ்தாவைப் பரிமாறிய உணவகத் தம்பியிடம் அந்தக் கோபம் செல்லுபடியாகவில்லை. இருந்தாலும், வீடு திரும்பி இரண்டு கரண்டி தயிர்ச்சோறு சாப்பிட்ட பிறகுதான் அம்மா படுத்தார்.